மெட்டல் டிடெக்டர்: எதை வாங்குவது?

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அம்மா கொசுவலை தைக்கும் வேலைக்குப் போகிறார். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ சேர்ந்த நாளிலிருந்து, தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும், யார் செல்போன் சார்ஜ் ஏறாவிட்டாலும், "வெல்டர் மகன் இருக்கான்ல, அவனைக் கேளு" என்று வந்துவிடுவார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அப்படி வாய் வராமல் போனதால் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நண்பர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதல் செமஸ்டர் முடியும் நேரம். என் தாய்மாமாவுக்கு அமராவதி ஆற்றை ஒட்டிக் கொஞ்சம் காடு இருக்கிறது. டிராக்டர் விட்டு உழுதபோது பானை ஓடுகளும், தேய்ந்துபோன ஒரு செப்புக் காசும் கிடைத்தன. கரூர் பக்கத்துக்காரர்களுக்கு இது பெரிய அதிசயமில்லை. அமராவதி ஆற்று மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் காசு கிடைத்த செய்தி எப்படியோ வெளியே போய், ஒரு ஆள் மாமாவைத் தேடி வந்துவிட்டார். கையில் ஒரு பெட்டி. அதற்குள் துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி, அதன் மூக்கில் ரேடியோ ஆன்டெனா போல ஒரு கம்பி. தங்கம் இருக்கும் திசைக்குக் கம்பி தானாகத் திரும்புமாம். முப்பது அடி ஆழம் வரை பார்க்குமாம்!

மாமா என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, நீ இதைத்தானே படிக்கிற? இந்த மெசின் நல்லதா, இல்ல வேற கம்பெனி வாங்கலாமா, பார்த்துச் சொல்லு" என்றார். நான் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓம்ஸ் லாவைத் தாண்டி அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மாமா, அத்தை, அந்த ஆள், எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். "ஆன்டெனா எல்லாம் இருக்குதுங்க மாமா, நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு கறவை மாடு விற்று 65,000 ரூபாய் கொடுத்தார். ஆறு இடத்தில் குழி தோண்டினார்கள். அதில் ஒரு குழியில் அத்தை விழுந்து கால் பிசகியதுதான் மிச்சம். வந்த ஆளின் போன் அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

இந்த மாதிரிக் கம்பியை நம்பி ஏமாந்தது எங்கள் மாமா மட்டுமில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். கோல்ஃப் பந்து தேடுவதற்கென்று விளையாட்டாக விற்ற சுமார் 20 டாலர் சாமானைப் பார்த்து, அதே மாதிரி ஒன்றை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக் நாட்டு அரசாங்கத்துக்கே விற்றிருக்கிறார் ஒரு ஆங்கிலேயர். ஏ.டி.இ. 651 என்று அதற்குப் பெயர். உள்ளே வேலை செய்யும் சர்க்யூட் எதுவுமே இல்லை. 2013ல் லண்டன் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருடம் சிறைத் தண்டனை கொடுத்தது. ஒரு அரசாங்கமே ஏமாந்ததென்றால் மாமாவைக் குறை சொல்ல முடியுமா? கம்பி திரும்புவதற்குக் காரணம் பிடித்திருப்பவரின் கைதான். தனக்கே தெரியாமல் மணிக்கட்டு சாயும், கம்பி சுழலும். ஆகவே எது நல்ல மெஷின் என்பதற்கு முன்னால், எது மெஷினே இல்லை என்று பார்க்க வேண்டும். தரையில் தேய்க்கிற மாதிரி ஒரு காயில் இருக்கிறதா? காயில் இல்லாமல் மெட்டல் டிடெக்டர் இல்லை. அன்றைக்கு நான் பார்த்திருக்க வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

மூன்றாம் வருட ப்ராஜெக்டுக்கு நான் மெட்டல் டிடெக்டரை எடுத்ததற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். சாருக்கு மட்டும் வேறு காரணம் சொன்னேன்.

முதலில் செய்தது பி.எஃப்.ஓ. வகை. இரண்டு ஆஸிலேட்டர். ஒன்று பெட்டிக்குள், இன்னொன்றின் காயில் தரைக்கு மேலே. உலோகம் பக்கத்தில் வந்தால் காயிலின் இண்டக்டன்ஸ் மாறும், அதிர்வெண் மாறும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஹெட்போனில் சத்தமாகக் கேட்கும். செலவு எழுநூறு ரூபாய்க்குள் அடங்கியது. ஐந்து ரூபாய்க் காசை ஏழு எட்டு சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தது. ஆனால் வெயிலில் வைத்தால் சத்தம் தானாக ஓடும், ஈரமண்ணில் இன்னும் மோசம். படிக்க நல்லது, தேட உதவாது.

மேலைநாடுகளில் பொழுதுபோக்காகத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது வி.எல்.எஃப். வகை. ஒரு காயில் அனுப்பும், இன்னொரு காயில் கேட்கும். இரண்டையும் ஒன்றின் சத்தம் ஒன்றுக்குக் கேட்காதபடி பேலன்ஸ் செய்து வைத்திருப்பார்கள். நடுவில் உலோகம் வந்தால் அதில் எடி கரண்ட் ஓடி அந்த பேலன்ஸ் கெடும். இது புதிய யோசனை இல்லை. 1881ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடம்புக்குள் குண்டு எங்கே என்று தேட கிரஹாம் பெல் இதே தத்துவத்தில்தான் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தையில் இருந்த இரும்புச் சுருள்களும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். டெலிபோன் கண்டுபிடித்தவருக்கே இரும்பு குறுக்கே வந்தால் கஷ்டம்தான்!

வி.எல்.எஃப்.பின் பெரிய வசதி, சிக்னல் திரும்பி வரும் ஃபேஸைப் பார்த்து இரும்பா, வெள்ளியா என்று ஓரளவு சொல்லும். இந்த "ஓரளவு"தான் முக்கியம். சின்னத் தங்க மோதிரமும் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் அலுமினியத் தாளும் மெஷினுக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியலாம். தாளை ஒதுக்கச் சொல்லி செட்டிங் வைத்தால் மோதிரமும் சேர்ந்து ஒதுங்கிவிடும். தங்கத்தை மட்டும் காட்டும் டிடெக்டர் என்று யாராவது விற்றால் அவரிடம் பேச்சே வேண்டாம்.

அடுத்தது அதிர்வெண். குறைந்த கிலோஹெர்ட்ஸ் பெரிய வெள்ளி, செம்புச் சாமானுக்கு நல்லது. அதிக கிலோஹெர்ட்ஸ் சின்னத் தங்கத்துக்கு நல்லது. கேரட் கம்பெனியின் ஏஸ் 250 வேலை செய்வது 6.5ல், அதே கம்பெனியின் ஏ.டி. ப்ரோ 15ல். ஒரே நேரத்தில் பல அதிர்வெண் அனுப்பும் மெஷின்களும் வந்துவிட்டன. ஆஸ்திரேலியாவின் மைன்லேப் 2018ல் கொண்டுவந்த ஈக்வினாக்ஸ் அப்படிப்பட்டது. உப்பு ஈரம் இருக்கும் கடற்கரையில் தேடுகிறவருக்கு அது பிரயோஜனம். வெறும் வயலில் தேடும் புது ஆளுக்கு என் ஓட்டு ஒற்றை அதிர்வெண் மெஷினுக்குத்தான். பட்டன் குறைவாக இருந்தால் காது சீக்கிரம் பழகும்.

மூன்றாவது வகை பி.ஐ. காயிலில் கரண்ட்டை விட்டு, சட்டென்று நிறுத்தி, சில மைக்ரோ செகண்ட் கழித்து மிச்சம் என்ன கேட்கிறது என்று பார்க்கும். இரும்புச் சத்து நிறைந்த செம்மண், உப்புத் தண்ணீர் எதுவும் இதை அதிகம் ஏமாற்ற முடியாது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத் தங்க வயல்களில் தேடுகிறவர்கள் இதைச் சுமப்பதற்கு அதுதான் காரணம். விலை பல ஆயிரம் டாலர். ஆனால் ஆணியா தங்கமா என்று பிரிப்பதில் இது வி.எல்.எஃப்.புக்குப் பின்னால்தான். ஆணி நிறைந்த பழைய ஊர் மண்ணில் இதை வைத்துக்கொண்டு தோண்ட ஆரம்பித்தால் முதுகு போய்விடும்.

ஆழத்தைப் பற்றி ஒரு கணக்கு. காயிலின் அகலத்தைத் தாண்டிய தூரத்தில், காசு இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால் அதைப் போய்ச் சேரும் காந்தப் புலம் எட்டில் ஒரு பங்காகும். திரும்பி வரும்போது அதிலும் எட்டில் ஒரு பங்கு. மொத்தத்தில் சிக்னல் 64ல் ஒன்று. அதனால்தான் நல்ல மெஷின்கூட ஒரு காசை ஒரு அடி ஆழத்துக்குள்தான் பிடிக்கிறது. பெரிய பானை நிறைய உலோகம் என்றால் இன்னும் ஆழம் போகலாம். முப்பது அடி என்பது சுத்தப் பொய். இந்த வகுத்தலை நோட்டில் போட்டுப் பார்த்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமாவிடம் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். இரண்டு வருடம் தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

விலை அதிகமான மெஷின்தான் புதையல் எடுக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு இங்கிலாந்து உதாரணம் ஒன்று. 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டம் ஹாக்ஸன் கிராமத்தில் ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்துபோனது. நண்பர் ஒருவர் தன் டிடெக்டரோடு தேடப் போனார். கிடைத்தது ரோமானியர் காலத்துப் புதையல். தங்கமும் வெள்ளியுமாக ஏறக்குறைய 15,000 காசுகள், கூடவே நகைகளும் கரண்டிகளும். அந்த மனிதர் கொஞ்சம் எடுத்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் கொடுத்தார். தொல்லியல் துறையினர் வந்து மண்ணை முறைப்படி எடுத்ததால், மக்கிப்போன மரப்பெட்டிக்குள் எது எங்கே அடுக்கியிருந்தது என்பதுவரை தெரிந்தது. பதினேழரை லட்சம் பவுண்ட் வெகுமதி கிடைத்தது, அதை அவர் விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அவர் எத்தனை கிலோஹெர்ட்ஸ் வைத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருந்தது, அதுதான் பேச்சு.

நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடம் குறைவு. 1878ம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. சொந்தக்காரர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்று அதே சட்டம் சொல்கிறது. இந்தப் பாதியை யாரும் ஊரில் சொல்வதில்லை. "அரசாங்கம் பிடுங்கிக்கும்" என்ற பயத்தில்தான் ராத்திரியில் லாந்தர் வைத்துக்கொண்டு தோண்டுகிறார்கள், மோசடி ஆட்களும் அந்தப் பயத்தை வைத்தே பிழைக்கிறார்கள். பத்து ரூபாய் என்பது 1878ல் பெரிய தொகையாக இருந்திருக்கும். இன்றைக்கு டீ குடிக்கவே பற்றாது. இதை மாற்றினால் சொல்ல வருகிறவர்களும் பயமில்லாமல் வருவார்கள் என்பது என் கருத்து. பாதுகாக்கப்பட்ட கோயில், கோட்டை பக்கம் மெஷினோடு போவது எந்தக் காலத்திலும் கூடாது. காசை எடுத்துவிட்டால் அது எந்த மண் அடுக்கில் இருந்தது என்ற விவரம் போய்விடும், பிறகு அந்தக் காசு வெறும் செம்புத் துண்டு.

அப்படியானால் நாம் எதற்கு டிடெக்டர் வாங்க வேண்டும்? வாங்க வேண்டாம், செய்யலாம் என்கிறேன். வைக்கோல் போரில் விழுந்த மெட்டி, களத்தில் தொலைந்த தோடு, மரம் அறுக்கும் மில்லில் ரம்பத்தைக் கெடுக்கும் ஆணி, இதற்கெல்லாம் வீட்டில் செய்த பி.ஐ. போதும். 555 ஐ.சி. ஒன்று, மாஸ்ஃபெட் ஒன்று, ஆப்-ஆம்ப் ஒன்று, இருபத்தைந்து சுற்று எனாமல் கம்பி. என் இரண்டாவது மாடல் அதுதான்.

பொங்கல் லீவில் அதை எடுத்துக்கொண்டு மாமா காட்டுக்குப் போனேன். பழைய கம்பி மாட்டுக் கொட்டகையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரப்போரமாக நடந்தார். ஓரிடத்தில் சத்தம் கேட்டது. அரை அடி தோண்டினால், துருப்பிடித்த மாட்டு லாடம். அவர் அதைத் துடைத்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஆறு குழியையும் மூடிய இடங்களைக் காட்டி, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல மாப்ள" என்றார்.

"அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மாமா" என்றேன். அந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

செப்புக் காசு இன்னும் அத்தையின் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. அடுத்த மாதம் தாலுகா ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். மனு நான்தான் எழுத வேண்டும். என்னுடைய பி.ஐ. மாடல் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ஜன்னல் பக்கம் இரண்டாவது டேபிளில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். பேட்டரி மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.