பேச்சுப் போனால் புத்தி போனதாகுமா?

கால் போனவனுக்குக் கோல் கொடுக்கிறோம். கண் போனவனைக் கைபிடித்து நடத்துகிறோம். ஆனால் பக்கவாதத்தால் பேச்சுப் போனவனுக்கு மட்டும் பைத்தியம் என்ற பட்டத்தைக் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறோம். இது நியாயமா என்பதுதான் நமது கேள்வி.

ஒரு மளிகைக் கடைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் கணக்கெழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். ஒரு நாள் காலையில் வாய் கோணிற்று, வலது கை விழுந்தது, பேச்சு நின்றது. உடனே என்ன செய்கிறார்கள்? புறா இரத்தம் தேய்க்கிறார்கள், மந்திரிக்கிறார்கள், பூர்வஜன்ம வினை என்று ஜோசியன் சொன்னதற்குத் தட்சணையும் கொடுக்கிறார்கள்.

தோழர்களே! மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அந்தப் பாகம் கெட்டுப்போகிறது. இதுதான் பக்கவாதம். இதில் வினையும் இல்லை, சனியும் இல்லை. அடைப்பாயிருந்தால், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்கிறது இன்றைய வைத்தியம். அந்த நேரத்தைத்தான் மந்திரவாதி வீட்டு வாசலில் தொலைக்கிறோம்.

கடைக்காரர் பிழைத்துக் கொண்டார். கையும் ஓரளவு திரும்பிற்று. ஆனால் தண்ணீர் கேட்க நினைத்தால் குடை என்று வாயில் வருகிறது. பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வந்தவர்கள் அவர் எதிரிலேயே, "பாவம், ஒன்றும் தெரியவில்லை" என்கிறார்கள். கடைசியில் பிள்ளைகள் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து, என்ன எழுதியிருக்கிறது என்றுகூடச் சொல்லாமல், அவர் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்க்கிறார்கள். அவர் கண்ணில் வரும் நீரையும் வியாதி என்றே சொல்லிவிடுகிறார்கள்!

பாரீசுக்கு அருகே பிசேத்ர் ஆஸ்பத்திரியில் லெபோர்ன் என்றொருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஓர் ஓசைதான் அவர் வாயில் வரும். கோபம் வந்தால் மட்டும் ஒரு வசைச்சொல் தெளிவாக வரும். 1861-இல் புரோக்கா என்னும் டாக்டர் அவரிடம், "எத்தனை வருஷமாய் இங்கே இருக்கிறீர்?" என்று கேட்டார். அவர் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று! கணக்குச் சரி. அவர் இறந்தபின் மூளையை எடுத்துப் பார்த்ததில், இடது பக்கத்தின் முன்பாகம் கெட்டிருந்தது. அவர் நோய் மெதுவாக வளர்ந்தது. பக்கவாதமோ ஒரு நொடியில் அதே இடத்தைக் கெடுத்துவிடுகிறது. சொல்லை எடுத்துக் கொடுக்கும் இடம் கெட்டதே தவிர, அறிவு அடியோடு அழிந்துவிடவில்லை.

சிலருக்குப் பிறர் பேச்சு புரிவதிலும் குறை உண்டு. சிலருக்கு ஒரு பக்கப் பார்வை மறையும். சிலருக்குச் சிறு வேலையிலும் தாங்கமுடியாத அசதி வரும். காரணமில்லாமல் அழுகையோ சிரிப்போ பொங்கும். சந்தை இரைச்சலில் ஒரு வார்த்தைகூட நிற்காது. இவையெல்லாம் வெளியில் தெரியா. ஆகவே "ஆள் நன்றாகத்தானே இருக்கிறான், சோம்பேறித்தனம்" என்று சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம். நமக்குத் தெரியாதது இல்லாததாகிவிடுமா?

செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. ஒருவர் மட்டும், மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். ஆம், இல்லை என்று தலையசைக்கும்படி கேளுங்கள். படம் காட்டுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள், அவர் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்காதீர்கள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் அழைத்துப் போங்கள்; மாதங்கள், வருஷங்கள் கழித்தும் முன்னேற்றம் உண்டு.

சட்டமும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், மூளை நோயால் நிரந்தரமாய் வந்த பேச்சிழப்பையும் ஊனமென்று பெயர் சொல்லி ஒப்புக்கொண்டிருக்கிறது. சான்றிதழ் கேட்பது பிச்சையல்ல, பாத்தியதை. ஆனால் சட்டம் வீட்டுத் திண்ணைக்கு வந்து நம் வாயை அடைக்காது.

பேசத் தெரிந்தவன் சொல்வதெல்லாம் அறிவாகிவிடுவதில்லை என்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அப்படியிருக்க, பேச முடியாதவனுக்கு அறிவில்லை என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்தப் பெருவிரலைப் பிடிக்குமுன், அவர் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.