கேட்கக் கூசும் கேள்வி

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் வாலிபர்களுக்கு எச்.ஐ.வி. கிருமியால் நேரக்கூடிய அபாயத்தைக் குறித்து இவ்வாரம் எழுதப் புகுந்திருக்கிறோம். விஷயம் இன்னதென்று அறிந்த மாத்திரத்தில் பத்திரிகையை மடித்துப் பிள்ளைகளின் கைக்கெட்டாத பரணில் போட்டுவிடும் பெரியோர்கள் உண்டு. பரணேற்றுமுன் இப்பக்கத்தை அவர்களாவது படித்துவிடுமாறு வேண்டிக்கொள்கிறோம்.

"நம் பக்கத்தில் அதெல்லாம் ஏது?" என்பார்கள். 1986-ஆம் வருஷத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் சேகரித்த இரத்தத்தை வேலூரில் சோதித்தபோதுதான், இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமி புலப்பட்டது. தேசத்துக்கே முதல் சாட்சியம் தமிழ்நாட்டிலிருந்து கிடைத்ததென்பதை வெகு சௌகரியமாக மறந்துவிட்டோம்.

அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாய் ஓடுகின்றன. பெரம்பலூர் வழியே சென்னை–திருச்சி நெடுஞ்சாலை செல்கிறது. உடனே லாரிக்காரர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வோம்: கிருமி தொழிலைக் கேட்டு உடம்பில் புகுவதில்லை. ஆணுறையின்றிக் கொள்ளும் உறவிலும், ஒருவர் குத்திய ஊசியை மற்றொருவர் குத்திக்கொள்வதிலும் அது பரவுகிறது. மது உள்ளே போனால் எச்சரிக்கை வெளியே போய்விடும். வேறு பால்வினை நோயை வெட்கத்தால் மறைத்து வைத்தியம் செய்யாதிருந்தால் தொற்றுவது இன்னும் எளிது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கொடிய பழக்கமும் தமிழ்நாட்டு இளைஞர் சிலரிடையே தலைகாட்டியிருக்கிறது. (கொசுக்கடியாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ தொற்றாது. அந்த வீண் பயத்தைப் பரணில் போடலாம்.)

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் வாலிபர் அநேகர். புறப்படுமுன் அவர்கள் இரத்தத்தில் இக்கிருமி உண்டா என்று சோதிக்கிறார்கள். அயல்நாட்டு முதலாளிக்காகச் செய்யும் சோதனையில் யாருக்கும் அவமானம் தோன்றுவதில்லை. அதே பிள்ளை ஊர் திரும்பிக் கல்யாணத்துக்கு நிற்கும்போது ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்க்கிறோம். இரு தரப்பாரும் ஒரு முறை சோதித்துக்கொள்ளலாமே என்று சொல்ல மட்டும் நாக்கு எழுவதில்லை. மணப்பெண் கேட்டால் என்ன? அவளுக்கு வாயே கிடையாதென்றல்லவா வைத்திருக்கிறோம்! புருஷனைத் தவிர வேறெவரையும் அறியாத எத்தனையோ ஸ்திரீகள் புருஷன் மூலமாகவே இக்கிருமியைப் பெற்றிருக்கிறார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் இலவசச் சோதனை நடக்கிறது. சம்மதமின்றிச் சோதிக்கலாகாது என்று 2017-ஆம் வருஷத்துச் சட்டம் காவல் செய்திருக்கிறது. ஆனால் 18 வயது நிறையாதவருக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். பதினேழு வயதுப் பையன் ஒருவன் பயந்து நடுங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். இந்த விஷயமாக ஒரு வார்த்தையும் பேசியறியாத தகப்பனாரிடம் போய் அவன் எப்படிச் சம்மதம் கேட்பான்? ஆஸ்பத்திரிக் கதவு திறந்துதான் இருக்கிறது. வீட்டுக் கதவுதான் சாத்தியிருக்கிறது.

தாமதத்துக்கு விலை உண்டு. தொற்றியிருக்கலாமென்று ஐயம் தோன்றினால், 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் உண்ணும் தடுப்பு மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கிருமி உண்டென்று தெரிந்துவிட்டாலும் 2004 முதல் அரசாங்கம் இலவசமாக மருந்து கொடுத்து வருகிறது. அதை நாள் தவறாமல் உட்கொண்டு, சோதனையில் கிருமி அகப்படாத அளவுக்குக் குறைந்து நிற்பவரிடமிருந்து உறவின் வழியே பிறருக்குத் தொற்றுவதில்லை.

வீட்டில் பேசக் கூசுகிறவர்கள் 1097 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். கட்டணம் இல்லை, பெயரும் சொல்ல வேண்டியதில்லை.