20 பெசோ தாளில் ஒரு வயல்

கப்பலில் வேலை பார்க்கும் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது, பிலிப்பைன்ஸின் 20 பெசோ தாள் ஒன்றை நீட்டி, "சித்தி, பின்னாடி இருக்கிறது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றான். ஒரு மரநாய் படம். பக்கத்திலேயே ஒரு மலை, அடியிலிருந்து மேலே வரை படிபடியாக வெட்டியது போல. "கோயில் குளமா?" என்றேன். சிரித்துவிட்டான். நெல் வயலாம்!

அந்த வயல் இருக்கும் மாகாணத்தின் பெயர் இஃபுகாவ். லூசோன் தீவின் வடக்கே, மலைகளுக்கு நடுவே இருக்கிறது. தனி மாகாணமானது 1966-ல்தான் என்றாலும், பழைய கதை நிறைய உண்டு. ஸ்பெயின்காரர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிலிப்பைன்ஸை ஆண்டும், இந்த மலைக்காரர்களை முழுசாக அடக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியத் தளபதி யமாஷிடா கடைசியில் சரணடைந்ததும் இங்குள்ள கியாங்கனில்தான், 1945 செப்டம்பரில்.

வயல்களுக்கு 2000 வயது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அண்மைக்கால அகழாய்வுகளோ, இங்கே நெல் பெரிய அளவில் பரவி சுமார் 400 ஆண்டுகள்தான் இருக்கும் என்கின்றன. ஸ்பெயின் படைக்குத் தப்பி மேலேறி வந்தவர்கள் சேர்ந்து உழைத்து வெட்டிய வயல்களாம். எனக்கு இந்தக் கணக்குதான் பிடித்திருக்கிறது. இருக்க இடமில்லாமல் வந்தவர்கள், இருந்த மலையையே வயலாக்கிவிட்டார்கள்!

வேலை நடக்கும் விதத்தைக் கேளுங்கள். உச்சியில் 'முயோங்' என்று ஒரு காடு. குடும்பத்துக்குக் குடும்பம் பங்கு உண்டு. அந்தக் காடு பிடித்து வைக்கும் மழைநீர்தான் வாய்க்கால் வழியே ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறது. மேலே காட்டை அழித்தால் கீழே நாற்று காயும். ஒரு கல்சுவர் சரிந்து, உடனே எடுத்துக் கட்டாமல் விட்டால், அடுத்த படியும் சேர்ந்து போகும். 'தினவோன்' என்ற அவர்களுடைய பழைய நெல் ஆண்டுக்கு ஒரே போகம்தான். நடவிலும் அறுப்பிலும் பெண்கள் 'ஹுட்ஹுட்' என்ற நெடும்பாட்டைப் பாடுவார்கள். முழுசாகப் பாடி முடிக்க மூன்று நான்கு நாளாகும்.

இந்த மண்ணின் அடையாளம் 'புலுல்'. நெற்குதிரைக் காக்கும் மரச்சிலை, பெரும்பாலும் ஆணும் பெண்ணுமாக ஜோடியாக இருக்கும். அறுவடைச் சடங்கில் பலியிட்ட கோழி, பன்றியின் ரத்தத்தைப் பூசுவார்கள்.

அந்தக் காவல் சிலைதான் இப்போது கடைத்தெருவில் அடுக்கடுக்காக நிற்கிறது. பழைய புலுல் பல, குதிரை விட்டு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் வீட்டுக்குப் போய்விட்டன. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு போக நெல் பல வீடுகளுக்கு ஆண்டு முழுக்கப் போதாது. பிள்ளைகள் படித்துவிட்டு மணிலா போகிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்குச் சிலை செதுக்கினாலோ சுற்றுலா வந்தவர்களுக்கு வழிகாட்டினாலோ அன்றன்றைக்குக் காசு. சுவர் எடுத்துக் கட்ட ஆள் இல்லை. யுனெஸ்கோ 1995-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இதே வயல்களை, 2001-ல் ஆபத்தில் உள்ளவை என்று அறிவித்தது. கால்பங்கு தரிசாகியிருந்தது அப்போது. சுவர்களைச் சீராக்கி, 2012-ல்தான் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: மணிலாவில் இரவு பஸ் ஏறினால் காலையில் பனாவே. தாளில் உள்ள வயல் அங்கேதான், சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால், யுனெஸ்கோ பட்டியலில் அந்த வயல் இல்லை! பட்டியலில் உள்ள பதாட் கிராமத்துக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். வட்ட அரங்கம் போல மலை சுற்றி நிற்க, நடுவில் வீடுகள். ஏப்ரல், மே பச்சை. ஜூன், ஜூலை பொன் நிறம். வரப்பு கல்சுவரின் விளிம்புதான், வழுக்கும்; ஹீல்ஸ் செருப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அக்கா மகன் அடுத்த முறை மணிலா பக்கம் போகிறானாம். "புலுல் வாங்கிட்டு வரட்டுமா சித்தி?" என்றான். அது குதிருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், ஒரு கிலோ தினவோன் அரிசி கிடைத்தால் கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.