பலகை தூக்கும் கொக்கியை எதில் செய்வது?

எட்டுக்கு நாலு பிளைவுட், 18 மி.மீ. கனத்தில் ஏறக்குறைய 35 கிலோ வரும். அதே அளவு எம்.டி.எஃப். 40 கிலோவைத் தொடும். ஏழுக்கு மூன்றடி, 12 மி.மீ. கண்ணாடிக் கதவு 58 கிலோ. எல்லா நிலைமையும் சாதகமாக இருந்தாலும் ஒருவர் 23 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் நயோஷ் நிறுவனம் 1991-ல் வகுத்த கணக்கு. லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் லோடுமேன்கள் பலகையை விரல்நுனியால் கவ்விக்கொண்டே மாடியேறுகிறார்கள். அடிவிளிம்பில் மாட்டித் தூக்கும் ஒரு கொக்கியைக்கூட வாங்கித் தராத காண்ட்ராக்டர்களை மன்னிக்க முடியவில்லை.

வாங்க முன்வருபவர்களும் எடை குறைவு என்று உடனே அலுமினியத்தைக் கேட்கிறார்கள். இரும்பின் எடையில் மூன்றிலொரு பங்குதான் அலுமினியம். விறைப்பும் அதே மூன்றிலொரு பங்குதான். 5 மி.மீ. இரும்புப் பட்டை இருக்கும் இடத்தில் அதே கனத்தில் அலுமினியத்தை வைத்தால் மூன்று மடங்கு வளையும். ஏழரை மி.மீ. கொடுத்தால் வளைவு இரும்புக்குச் சமமாகிவிடும், எடையும் பாதிதான். அந்தக் கனத்துக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர் இரும்பையே வாங்கலாம். சாதாரண இரும்பு முறிவதற்கு முன் வளைந்து காட்டும். வார்ப்பு அலுமினியம் சட்டென உடையும். கடலோர ஊர்களில் அலுமினியத்தில் இரும்பு போல்ட் போட்டால், உப்புக்காற்றில் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் அரிக்கும்.

பலகை உட்காரும் அடிப்பகுதியை யாரும் கவனிப்பதில்லை. அங்கேதான் பொருள் கெடுகிறது. கம்பியை வளைத்துச் செய்த கொக்கியில் முழுப் பாரமும் ஒரு கோட்டில் இறங்கும். ஜிப்சம் போர்டின் விளிம்பு நொறுங்கும், மேல்தாள் கிழியும், சன்மைக்கா ஒட்டிய கதவின் ஓரம் பெயரும். நாலு விரல் அகலப் பட்டையும், அதன்மேல் ரப்பரும் வேண்டும். கறுப்பு ரப்பர் வெள்ளைச் சன்மைக்காவில் கறை விடும். அங்கே கம்பளித் துணி ஒட்டுவது நல்லது.

கைப்பிடிக்கு வெறும் இரும்பு கூடவே கூடாது. மெல்லிய கம்பி விரலை அறுக்கும், மே மாத வெயிலில் சுடும். கடைந்த மரப்பிடி போதும். பாலிப்ரொப்பிலீன் பிடி லேசானது. ஆனால் வெயிலிலேயே கிடந்தால் வெடிப்பு விடும்.

ஆசாரி கூலி, வண்டி வாடகை என்று எஸ்டிமேட்டில் எழுதுபவர்கள் இந்தக் கொக்கிக்கும் ஒரு வரி எழுத வேண்டும். ஆளுக்கு ஒன்று வீதம்.