காலித் தோட்டாவும் வீட்டுக்குள் வரும் காரீயமும்



1/ துப்பாக்கி சுட்டதும் பக்கவாட்டில் தெறித்து விழும் பித்தளைக் கூட்டை சினிமாவில் பார்த்திருப்பீங்க. அமெரிக்காவில் அதைத் தேடித் தேடிப் பொறுக்கிச் சேர்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் நிறைய பேர். இதில் ஒரு டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்கறீங்களா? இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ ஏன் பொறுக்குகிறார்கள்? நூறு வருஷத்துக்கு முந்தைய ரைஃபிள்கள் பல இன்னும் சுடும் நிலையில் இருக்கின்றன. அவற்றுக்கான தோட்டாதான் கிடைப்பதில்லை. நம்ம ஊர் போலீஸ் தோளில் பார்த்துப் பழகிய .303-க்காவது இன்னும் தோட்டா வருகிறது. உத்தரப் பிரதேச போலீஸ் அதற்கு விடை கொடுத்ததே 2020-ல்தான். ஆனால் பிரிட்டிஷ் ராணுவம் 1871-ல் எடுத்துக்கொண்ட மார்ட்டினி ஹென்றிக்கு எந்தக் கடையில் போய்க் கேட்பது?

3/ ஒரு தோட்டாவில் நாலு பாகம். குண்டு, வெடிமருந்து, பின்பக்கம் பொட்டு மாதிரி இருக்கும் பிரைமர், இவற்றைத் தாங்கும் பித்தளைக் கூடு. முதல் மூன்றும் ஒரு முறையோடு சரி. கூட்டை மட்டும் சுத்தம் செய்து திரும்பத் திரும்ப நிரப்பலாம்.

4/ சரியான கூடு கிடைக்கலைன்னா? வேறொரு கூட்டை வெட்டி, அச்சில் அழுத்தி உருவம் மாற்றுவார்கள். மார்ட்டினி ஹென்றிக்கு 24 கேஜ் பித்தளை ஷாட்கன் கூடு. ஜப்பானின் 7.7 அரிசாக்காவுக்கு அமெரிக்க .30-06 கூடு. பொறுமையான கைவேலை. பழைய அண்டாவைப் போட்டு புதுக் குடம் வாங்குகிற நமக்கு இந்தச் சிக்கனம் புரியும். இதை நான் குறை சொல்ல வரவில்லை.

5/ பித்தளையும் இங்கே வில்லன் இல்லை. அது 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். வில்லன் அந்தக் குட்டி பிரைமர். அதில் பெரும்பாலும் இருப்பது லெட் ஸ்டிஃப்னேட் என்ற காரீய உப்பு. சுட்டதும் அது வெடித்துப் புகையாகிறது. மிச்சம் கூட்டுக்குள் கரியாக ஒட்டிக்கொள்கிறது.

6/ இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். நான் சொல்வது காரீயம், இங்கிலீஷில் லெட். பேச்சில் இரண்டையும் ஈயம் என்றுதான் சொல்கிறோம். ஒன்று பாத்திரம், மற்றது விஷம்.

7/ சரி, ஆபத்து எந்த நேரத்தில் வருகிறது? சுடும்போது மட்டும் இல்லை, கூட்டைச் சுத்தம் செய்யும்போதும்தான். கூடுகளை சோளக் கட்டைத் தூளோடு ஒரு மெஷினில் போட்டு மணிக்கணக்கில் குலுக்குவார்கள். பித்தளை பளபளன்னு வந்துவிடும். கரி எங்கே போகும்? அந்தத் தூளுக்குள். மெஷினைத் திறந்து சலிக்கும்போது கிளம்பும் தூசியில் காரீயம் இருக்கிறது.

8/ பல வீடுகளில் இந்த வேலை நடப்பது கேரேஜில். பக்கத்திலேயே வாஷிங் மெஷின், குழந்தையின் சைக்கிள். அப்பா அதே சட்டையோடு உள்ளே வந்து குழந்தையைத் தூக்குகிறார். தவழும் குழந்தை தரையைத் தொட்டுவிட்டு கையை வாயில் வைக்கிறது. துப்பாக்கியைப் பூட்டி வைக்கத் தெரிந்த மனிதருக்கு தூசியைப் பூட்டத் தெரியவில்லை.

9/ குழந்தைக்கு ஏன் இவ்வளவு பயம்? வாய்வழி போகும் காரீயத்தை பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக சின்னக் குழந்தைகளின் உடல் உறிஞ்சும். வளரும் மூளையைத் தாக்கும். படிப்பு, கவனம், நடத்தை எல்லாம் அடி வாங்கும். அந்தப் பாதிப்பு பெரும்பாலும் திரும்பாது. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

10/ பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், ரத்தசோகை, வயிற்றுவலி, மலச்சிக்கல், எரிச்சல், விந்தணுக் குறைவு. எலும்பில் பல வருஷம் தங்கும். பெண்களுக்கு கர்ப்பக் காலத்தில் எலும்பிலிருந்து கரைந்து சிசுவுக்கும் போகும்.

11/ வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. "பிளட் லெட் லெவல்" என்று தனியாகக் கேட்கணும். அமெரிக்க சிடிசி 2021 முதல் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் எல்லை, ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். அதைத் தாண்டினால் காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடியே ஆகணும். உங்க பொழுதுபோக்கு என்னன்னு டாக்டர் கேட்க மாட்டார். நீங்களே சொல்லிடுங்க.

12/ என்ன செய்யலாம்?
- உலர்ந்த தூள் வேண்டாம். தண்ணீரில் சிட்ரிக் ஆசிட் போட்டு ஈரமாகக் கழுவுங்க. பாட்டி புளி போட்டு பித்தளை தேய்த்த அதே வித்தைதான்.
- சமையலறை சிங்க் கூடவே கூடாது. கழுவிய தண்ணீரிலும் காரீயம் இருக்கும். தோட்டத்தில் கொட்டாமல் அபாயக் கழிவாகக் கொடுங்க.
- அந்த வேலைக்குத் தனிச் சட்டை, தனிச் செருப்பு. தனியாகத் துவைக்கணும்.
- துடைப்பத்தால் பெருக்காதீங்க. ஈரத்துணியால் துடைங்க.
- கை கழுவாமல் சாப்பாடு, சிகரெட் இரண்டும் கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வேண்டாம்.

13/ ரொம்பப் பழைய கூடு கிடைத்தால் கூடுதல் கவனம். அந்தக் கால பிரைமர்களில் பாதரசம் இருந்தது. அது பித்தளையோடு கலந்து கூட்டை நொறுங்க வைக்கும். சூடாக்கினால் ஆவியாகி நுரையீரலுக்குள் போகும். அம்மோனியா கலந்த பாலிஷும் ஆகாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் தானாக விரிசல் விட்டன. காரணம் குதிரை மூத்திரத்தின் அம்மோனியா என்று 1921-ல்தான் புரிந்தது.

14/ "நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?" அங்கே வேலை பார்க்கும் உங்க பிள்ளையோ மருமகனோ இதில் இறங்கியிருந்தால் அனுப்பி வைங்க. இங்கே தோட்டாவோ கூடோ கண்ணில் பட்டால் தொடாமல் போலீஸுக்குச் சொல்லுங்க.

15/ இன்னொன்று. இந்தியாவில் சுமார் 27.5 கோடி குழந்தைகளின் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-ல் மதிப்பிட்டது. இங்கே அது தோட்டாவிலிருந்து வரவில்லை. பழைய பேட்டரி உடைக்கும் இடம் ஒரு முக்கியக் காரணம். ஆனால் வீட்டுக்குள் வரும் வழி ஒன்றுதான்: அப்பாவின் சட்டையும் கையும். அங்கே பொழுதுபோக்கு, இங்கே பிழைப்பு. அவரால் விட முடியும், இவரால் முடியாது. அதனால் இவருக்கு வேலை செய்யும் இடத்திலேயே குளிக்கவும் சட்டை மாற்றவும் வசதி செய்து தருவது முதலாளியின் கடமை. அதைச் செய்ய வைப்பது அரசின் கடமை.

16/ பழையதைக் காப்பாற்றுங்க, தப்பே இல்லை. அதன் தூசியை மட்டும் வாசலோடு நிறுத்துங்க. பேட்டரி, பழைய இரும்புக் கடை, பெயிண்ட் வேலையில் இருப்பவர் யாராவது தெரிந்தால் அவருக்கும் இதைப் படித்துக் காட்டுங்க.