வெப்பமடைதலா, வெப்பமாக்கலா?

'பசுமை இல்ல விளைவு' தமிழுக்கு வாய்த்த பொருந்தாக் கலைச்சொற்களுள் ஒன்று. இலங்கைப் பாடநூல்களில் அது 'பச்சைவீட்டு விளைவு'. தனித்தமிழ் நாடுவோர்க்குப் 'பைங்குடில் விளைவு'. மூன்றும் ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்புகளே. கண்ணாடிக் குடில் சூடேறுவது பெரும்பாலும் உள்ளிருக்கும் சூடான காற்று வெளியேற வழியின்மையால். வளிமண்டலத்துக்கோ சுவருமில்லை, கூரையுமில்லை. நிலம் உமிழும் அகச்சிவப்புக் கதிர்களை நீராவி, கரியமில வாயு, மீத்தேன் முதலியன உறிஞ்சி, ஒரு பகுதியை நிலத்துக்கே திருப்புகின்றன. இவ்வாயுக்களின் உறிஞ்சுதிறனை 1859இல் டிண்டால் ஆய்வகத்தில் அளந்தார். (நல்லதையே சுட்டிப் பழகிய 'பசுமை' இங்கே மாணவரைக் குழப்புவது தனிக்கதை.)

இவ்விளைவு இல்லையேல் புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ −18 பாகை செல்சியசாக இருக்கும். இன்று 15ஐ ஒட்டியுள்ளது. இடையிலுள்ள 33 பாகையை மனிதர் உண்டாக்கவில்லை. அதனால்தான் உயிர்கள் வாழ்கின்றன. மனிதர் செய்தது அதன்மேல் ஏற்றியது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 2011–2020 காலத்தில் புவி, 1850–1900 சராசரியைவிட 1.1 பாகை கூடுதலாகச் சூடேறியிருந்தது.

உருண்டது, உருட்டினான் என்னும் வேறுபாட்டைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. அவ்வாறிருக்க, 'புவி வெப்பமடைதல்' என்று தன்வினையில் எழுதிச் செய்தவரை மறைப்பது ஏன்? சான்றுகள் பிறவினையையே கேட்கின்றன. புதைபடிவ எரிபொருளின் கரிமம் மிகப் பழையது. அதில் கரிமம்-14 எஞ்சுவதில்லை. காற்றிலும் கரிமம்-14இன் விகிதம் அதற்கேற்பக் குறைந்தது. கதிரவனே காரணமெனில் அடுக்கு மண்டலமும் சூடேறியிருக்க வேண்டும், அது குளிர்ந்திருக்கிறது.

மும்பையில் மூன்றாவது குழப்பமும் உண்டு. மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களுக்கு மேலும், தாராவியின் தகரக் கூரைகளுக்கு மேலும் உள்ள கரியமில வாயு ஏறத்தாழ ஒரே அளவே. ஆயினும் மே மாத நண்பகலில் ஒன்று நிழல், மற்றொன்று உலை. அவ்வேறுபாட்டுக்குக் காரணம் மரமின்மை, தகரம், நெரிசல், அதாவது நகரமைப்பு. அதனைப் புவியின் கணக்கில் எழுதிவிடுவது மாநகராட்சிக்கு வசதியானது.

புவியின் கணக்கில் சேர்வன செம்பூரை ஒட்டியே கிடக்கின்றன: மாகுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலைகள், டிராம்பே அனல்மின் நிலையம், மீத்தேன் கசியும் தேவனார் குப்பைமேடு. 2022இல் வெளியான மும்பைக் காலநிலைச் செயல்திட்டத்தின்படி, நகரின் உமிழ்வில் ஏறத்தாழ 72 விழுக்காடு கட்டடங்கள் முதலியவற்றின் ஆற்றல் பயன்பாட்டால் விளைவது. அதில் பெரும்பங்கு மின்சாரம்.

'வெப்பமாக்கல்' என எழுதினால் எழுவாய் யாரென்ற கேள்வி எழும், 'மனிதர்' என்பது மிகப் பொதுவான விடை என்று சிலர் மறுக்கக்கூடும். மறுப்பு சரியே. ஒற்றை மின்விசிறியில் கோடையைக் கழிக்கும் தாராவிக் குடும்பமும், அறைதோறும் குளிர்பதனம் ஓடும் அடுக்ககமும் ஒரே எழுவாயில் அடங்கா. கலைச்சொல் இந்த வினாவையேனும் எழுப்பட்டும். 'வெப்பமடைதல்' அதனை எழவே விடுவதில்லை.