கல்லைக் குற்றம் சொல்லாதீர்

வாப்பாவின் சவரக்கத்தி வழிக்கவில்லையென்றால், இன்னும் நுண்ணிய கல் வாங்கச் சொல்கிறார்கள். இது வியாபாரப் பேச்சு. கல்முனைக்குடியில் பிள்ளைகளுக்கு முடி களைந்த ஒஸ்தாமாரின் திறமை கல்லின் விலையிலா இருந்தது?

பிழை பெரும்பாலும் முதற்படியில்தான். 1000 எண் கல்லில் இருபக்கச் சரிவுகளும் விளிம்பிற் சந்திக்காதவரை, 8000 எண் கல் பளபளப்பைத் தரும், கூர்மையைத் தராது. விளிம்பில் மை பூசி, கத்தியின் முதுகும் வாயும் கல்லில் ஒருசேரப் படிய, அழுத்தாமல் தீட்டுங்கள். மை எஞ்சிய இடத்தைக் கல் தொடவில்லை. கல் குழிந்திருந்தால் முதலில் அதைச் சமப்படுத்துங்கள். தோல்வாரிலோ முதுகே முன்செல்ல வேண்டும். வாய் முன்சென்றால் வார் அறும், கூரும் கெடும்.

இவற்றைப் பாராமல் நல்ல கத்தியைக் குப்பையில் எறிவது அறிவீனம். பழுது கத்தியிலன்று, கைப்பழக்கத்தில்.